ஜூன் 5 கன்றும் குளத்து நோட்டும்: பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் சொல்லிக்கொடுக்க அரசு என்ன செய்யணும்?

5 ஜூன் 2025, கேள்வி

பாளையங்கோட்டை வாசகர் ஒருத்தர் கேட்டது:

"இன்னைக்கு என் மகன் பள்ளிக்கூடத்துல மரக்கன்று நட்டாங்க, உறுதிமொழி எடுத்தாங்க, மஞ்சப்பை பத்திப் பேச்சுப் போட்டியும் நடந்துச்சு. சாயங்காலம் கூட்டிட்டு வரும்போது ஜூஸ் குடிச்ச டப்பாவை அப்படியே பாளையங்கால்வாய்க்குள்ள வீசுதான். ஏம்லேன்னு கேட்டா 'எல்லாரும் போடுதாங்கப்பா'ங்கான். சுற்றுச்சூழலைத் தனிப் பாடமா வச்சு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுல 100 மார்க் குடுத்தாத்தான் இதுக திருந்தும். இதை ஏன் இன்னும் சட்டமாக்கல? டீச்சர்மார் யாராவது இருந்தா பதில் சொல்லுங்க."

5 ஜூன், ராத்திரி

நான் டீச்சர்தான். சமூக அறிவியல். சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்த் தண்ணி பாயுற ஊர்ல அரசுப் பள்ளி. பசுமைப் படைன்னு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சூழல் மன்றம் ஒண்ணு உண்டு, அந்தப் பொறுப்பும் என் தலையிலதான். பொறுப்பு பிரிச்ச அன்னைக்கு நான் லீவு.

சட்டமாக்கலன்னு சொல்றது சரியில்ல. எம்.சி. மேத்தாங்கிற சுற்றுச்சூழல் வக்கீல் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 1991லயே உத்தரவு போட்டாச்சு. பள்ளி, கல்லூரியில கட்டாயப் பாடமாக்கணும், ரேடியோ, டி.வி.யில நிகழ்ச்சி போடணும், சினிமாக் கொட்டகையில ஒவ்வொரு காட்சிக்கும் ஸ்லைடு காட்டணும். அந்த ஸ்லைடை எந்தக் கொட்டகையிலயாவது பாத்தவங்க இருந்தா கையத் தூக்குங்க. மாநிலங்கள் அசையலன்னுதான் 2003 டிசம்பர்ல கோர்ட் மறுபடி பிடிச்சு, 1 முதல் 12ஆம் வகுப்பு வரைக்கும் மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்கணும்னு என்.சி.இ.ஆர்.டி.க்குச் சொல்லுச்சு. கல்லூரிக்கு யு.ஜி.சி. ஆறு மாசப் பாடம் ஒண்ணு வகுத்துது. தேசிய பசுமைப் படை 2001-02ல இருந்தே இருக்கு. அதுக்கெல்லாம் முன்னால 1976ல, அரசியல் சட்டத் திருத்தத்துல, காடு ஏரி ஆறு வனவிலங்கைக் காப்பாத்துறது குடிமகனோட கடமைன்னு 51-ஏ பிரிவுல எழுதியாச்சு.

ஆக, உத்தரவுக்குப் பஞ்சம் கிடையாது. எங்க ஆபீஸ் பீரோவுல ஒரு தட்டு முழுக்க அதுதான்.

100 மார்க் விஷயம் நாளைக்கு.

6 ஜூன்

100 மார்க். கல்லூரியில அந்தப் பாடம் இருக்குல்ல, அதை எழுதினவங்களைக் கேட்டுப் பாருங்க. எங்க வீட்லயே ஒருத்தி இருக்கா, அக்கா மக. பரீட்சைக்கு முந்தின நாள் கைடு வாங்கி, ஓசோன் படலம், அமில மழை, உயிர்ப்பன்மைன்னு மனப்பாடம் பண்ணி நல்ல மார்க்தான் வாங்கினா. அவ தினம் பஸ்ஸுல தாண்டிப் போற ஆத்துப் பாலத்துக்குக் கீழ சாக்கடை எங்க வந்து சேருதுன்னு அவளுக்குத் தெரியாது. தாமிரபரணியில கழிவு கலக்குற இடங்களை 2024 நவம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேர்ல வந்து பாத்துட்டுப் போனாங்க. நீதிபதி பாக்க வர்ற இடத்தை நம்ம பிள்ளைக்கு நாம காட்டுறதில்ல. டூர்னா கொடைக்கானல்.

பொதுத்தேர்வுல சேத்தா அதுக்கும் டியூசன் வரும். "சுற்றுச்சூழலில் சென்டம்"னு டவுன்ல பிளக்ஸ் வைப்பாங்க, பிளாஸ்டிக் பிளக்ஸ்.

7 ஜூன்

இந்த ஜூன் 5 தேதியவே நான் கேள்வி கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிருக்கேன். 1972ல ஸ்டாக்ஹோம்ல ஐ.நா. மாநாடு தொடங்கின தேதி அது. ஸ்வீடன்ல ஜூன்னா நல்ல காலம். நமக்கு? செங்கோட்டை, குத்தாலத்துக்காரங்க சாரல்னு சந்தோசப்படலாம். கிழக்க வர வர மலை மழையைப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் காத்தை மட்டும்தான் அனுப்புது. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காத்தாலை சுத்துற காத்துல ஒரு முழக் கன்று நிக்குமா? வேலி வச்சா வேலியே சாயும். ஜூலை முதல் வாரம் வனமகோத்சவம்னு 1950ல இருந்து கொண்டாடுறாங்க, அதுவும் டெல்லிக்குப் பருவமழை போற நேரம். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை. புரட்டாசி கடைசியில ரெண்டு மழை விழுந்த பிறகு நட்டா, பிழைக்கிறது தானா பிழைக்கும். இதெல்லாம் எந்த விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துல மட்டும் தெரியாத மாதிரி நடிக்கோம்.

விளைவு என்னன்னா, போன வருசம் நட்ட குழியிலயே இந்த வருசமும் நடுவோம். குழி தோண்டுற கூலி மிச்சம்.

இதுக்குப் பைசா செலவில்ல. நடவு நாளை அந்தந்த மாவட்டம் தன் மழைக்குத் தக்க வச்சுக்கிடலாம்னு ஒரு சுற்றறிக்கை போதும். ஜூன் 5 அன்னைக்கு வேணும்னா போன ஐப்பசியில நட்டது எத்தனை நிக்குதுன்னு எண்ணச் சொல்லுங்க.

7 ஜூன், கொஞ்ச நேரம் கழிச்சு

போட்டோ பத்திச் சொல்ல மறந்துட்டேன். நட்டா மட்டும் போதாது, போட்டோ எடுத்து ஏத்தணும். 2024ல அம்மா பேர்ல ஒரு மரம்னு மத்திய அரசுத் திட்டம் வந்துச்சு, அம்மாவும் பிள்ளையும் கன்றும் ஒண்ணா நிக்கணும். எங்க பிள்ளைகளோட அம்மாமார் பாதிப் பேர் பீடி சுத்துறவங்க, ஒரு நாள் தட்டு எடுக்கலன்னா கூலி போச்சு. கன்று கிடைச்சுது, அம்மாதான் கிடைக்கல. எமிஸ்ல (கல்வித்துறை இணையதளம்) ஏத்துறதுக்கே எங்களுக்குப் பாதிப் பொழுது போகுது, இது வேற. கன்று இருக்கா செத்துதான்னு எந்த இணையதளமும் ஆறு மாசம் கழிச்சுக் கேக்கல.

9 ஜூன்

அம்பை அண்ணாச்சி கேக்காக: "எல்லாத்தையும் குறை சொல்லுதீகளே டீச்சர், நீங்க உங்க பள்ளியில என்னதான் செய்தீக?" நியாயமான கேள்வி. பனங்கொட்டை கதையைச் சொல்லுறேன், சிரிச்சுக்கிடுங்க.

ஆவணி, புரட்டாசியில பனம்பழம் விழும். பிள்ளைகள் சாக்குல கொட்டை பொறுக்கிட்டு வந்தாங்க. குளத்துக்கரை நெடுக கம்பியால குத்திக் குத்தி ஊன்றினோம். தண்ணி ஊத்த வேண்டாம், வேலி வேண்டாம், ஆடு கடிக்காது. நம்ம மண்ணுக்கு இதைவிடத் தோதான மரம் உண்டா? பொங்கல் லீவு முடிஞ்சு போய்ப் பாத்தா கரையெல்லாம் குழி. யாரோ கிழங்கு தோண்டி வேகவச்சுத் தின்னுட்டாங்க. யாரோ என்ன யாரோ, ஊன்றினதுல நாலஞ்சு பேர் ஊமையா நின்னானுக. "டீச்சர், ருசியா இருந்துச்சு"ன்னு ஒருத்தன் மட்டும் உண்மையச் சொன்னான்.

அதுக்கப்புறம் ரெண்டு வரிசை ஊன்றுதோம். ஒரு வரிசை கிழங்குக்கு, ஒரு வரிசை கரைக்கு.

12 ஜூன்

இனி உருப்படியா ஒண்ணு: குளத்து நோட்டு.

எங்க குளத்துக்குக் கால்வாய்த் தண்ணி வரும். கார் போகத்துக்கு (முதல் நெல் சாகுபடி) அணை திறந்தா கொஞ்சம் ஏறும், பிசானத்துல (மழைக்காலச் சாகுபடி) மழையும் சேந்தா பெருகி மறுகால் பாயும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுல கரைக்குப் போறது. மடைப் பக்கத்துல இறங்குற கல்படி இருக்கு. தண்ணிக்கு மேல எத்தனை படி தெரியுதுன்னு எண்ணி எழுதணும். ஒரு லாங்சைஸ் நோட்டு, அதுல கட்டம்: தேதி, தெரியுற படி, மடை திறந்திருக்கா அடைச்சிருக்கா, பறவை. கடைசிக் கட்டத்துக்கு என்ன பேர் வைக்கன்னு தெரியாம "வேற என்ன"ன்னு போட்டோம்.

முதல் சில வாரம் பறவைக் கட்டத்துல "கொக்கு, நெறய"ன்னுதான் இருக்கும். நெறயன்னா எத்தனைன்னு கேட்டா சண்டை வரும். அப்புறம் அவங்களாப் பத்துப் பத்தாக் கூறு போட்டு எண்ணக் கத்துக்கிட்டாங்க. வெள்ளையா இருக்கிறதெல்லாம் கொக்கு இல்லன்னு தெரிஞ்சுது. அரிவாள் மூக்கன் வேற, கரண்டிவாயன் வேற. நெத்தி வெள்ளையா இருக்கிற கறுப்புக் கோழி நாமக்கோழி, நெத்தி சிவப்பா இருந்தா தாழைக்கோழி. எனக்கே பாதி அங்கதான் தெரியும். ஜனவரியில தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2011ல இருந்து, மணிமுத்தாறுல இருக்கிற ஏட்ரிங்கிற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அமைப்போட மையத்துக்காரங்க நடத்துறது. அதுல கலந்துக்கிட்டவங்க சொல்லிக்கொடுத்த முறைதான் இது.

ஒரு பிள்ளையோட தாத்தா நீர்ப்பாய்ச்சி, வயலுக்குத் தண்ணி திறந்து விடுறவர். கரையில உக்காந்திருந்தவர் ஒருநாள் நோட்டை வாங்கிப் பாத்துட்டு, "ஏழாவது படி தெரிஞ்சுட்டா கடைசி வயலுக்குத் தண்ணி எட்டாதுட்டி, அதைச் சிவப்பு மையில எழுது"ன்னாரு. அன்னையில இருந்து ஏழு சிவப்பு. அந்த ஒரு வரி எந்தப் பாடப்புத்தகத்துலயும் வராது. சென்னையில உக்காந்து பாடம் எழுதுறவங்க எழுதவும் முடியாது, அவங்க மேல தப்புமில்ல. அதனாலதான் சொல்லுறேன், தனிப் பாடம் வேண்டாம், குளத்துக்குப் போக ஒரு பீரியடு வேணும்.

கணக்கு வாத்தியாரும் சேந்துக்கிட்டாரு. பேப்பர்ல தினம் அணை மட்டம் போடுதாங்கல்ல, பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இதெல்லாம் முழுக் கொள்ளளவு மட்டம். அன்னன்னைக்கு இருப்பையும் நம்ம படி எண்ணிக்கையையும் ஒரே கிராஃப் தாள்ல வரைய வச்சாரு. அணையில தண்ணி இருக்கும்போதே நம்ம குளம் ஏன் இறங்குதுன்னு பிள்ளைக கேட்டாங்க. அவருக்கும் பதில் தெரியல, எனக்கும் தெரியல.

13 ஜூன்

வாட்ஸ்அப்ல ஒருத்தர்: "டீச்சர் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு ஓபி அடிக்க நல்ல வழி கண்டுபிடிச்சிருக்காங்க." அய்யா, முப்பது சொச்சம் பிள்ளைகளைத் தண்ணிக்கரைக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கூட்டிட்டு வாங்க ஒருநாள். ஓபியா இல்லையான்னு அப்புறம் பேசுவோம்.

15 ஜூன்

பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிட்டுப் போறதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு. எங்க ஹெச்.எம். மூணு மாசம் அனுமதி குடுக்கல. கோபம் வந்துச்சு, இப்ப யோசிச்சா அவங்க பக்கம் நியாயம் இருக்கு. ஒவ்வொரு கோடை லீவுலயும் தாமிரபரணியில பிள்ளைக முழுகிச் சாகுறதைப் பேப்பர்ல பாக்கோம். பள்ளிக்கூட நேரத்துல ஒண்ணு நடந்தா சஸ்பெண்ட் ஆகுறது ஹெச்.எம். "களப்பயணம் செல்க"ன்னு பாடப்புத்தகத்துல எழுதினவங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

அரசு இங்கதான் உள்ள வரணும். கரைக்குப் போக என்ன ஒழுங்கு, எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவங்க, பெற்றோர் ஒப்புதல் எப்படி, ஏதாவது ஆனா யார் பொறுப்பு, இதை ஒரு ஆணையா எழுதிக் குடுத்தா பாதிப் பள்ளிக்கூடம் வெளிய வரும். அனுமதியும் இல்ல, தடையும் இல்லங்கிற நிலைமையில எந்த ஹெச்.எம். துணிவாங்க? 

இன்னொண்ணு, நீச்சல். ஆத்தங்கரை ஊர்ல பிறந்துட்டு நீச்சல் தெரியாத பிள்ளைக இப்ப வகுப்புக்குப் பாதி. எங்க அப்பா காலத்துல அப்படி ஒருத்தனைக் காட்ட முடியாது. ஆத்துக்கு நூறு கவிதை எழுதுறதுக்கு முன்னால நீச்சல் கத்துக்குடுக்கணும். இதையும் சுற்றுச்சூழல் கல்வியிலதான் நான் சேப்பேன்.

19 ஜூன்

"வெளிநாட்டுலல்லாம் எப்படி?" இத்தாலியில 2020ல இருந்து குடிமையியல் வகுப்புல வருசத்துக்கு 33 மணி நேரம் ஒதுக்கி, அதுல பருவநிலை, நிலைத்த வளர்ச்சி எல்லாம் சொல்லித் தரணும்னு வச்சிருக்காங்க. எனக்கு அதுல பிடிச்சது மணி நேரம்னு எழுதிவச்சதுதான். நம்ம ஆணையில எல்லாம் "ஊக்குவிக்கப்படும்"னு இருக்கும், நேரம் இருக்காது. வாரத்துக்கு ஒரு பீரியடுன்னா நமக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும்.

20 ஜூன்

மேலப்பாளையம் தம்பி, "மார்க் வேண்டாம்னு சொல்லுதீங்க, மார்க் இல்லன்னா பெத்தவங்க மதிக்க மாட்டாங்க"ங்குறது உண்மை. ரெண்டு நாளா யோசிச்சேன். பொதுத்தேர்வு வேண்டாம்ங்குறதுல மாத்தமில்ல. ஆனா வளரறி மதிப்பீடுன்னு, பிள்ளைக செய்ற செயல்பாட்டுக்கு, ஏற்கெனவே 40 மார்க் இருக்கு, எழுத்துத் தேர்வுக்கு 60. அந்த 40க்கு இப்ப என்ன நடக்கு? ஸ்டேஷனரிக் கடையில சார்ட் வாங்கி, நெட்ல இருந்து பிரிண்ட் எடுத்த யானைப் படத்தை ஒட்டி, "வனவிலங்குகளைக் காப்போம்". அப்பா வெட்டினது, அம்மா ஒட்டினது. அந்த இடத்துல குளத்து நோட்டு வந்தா புதுசா ஒரு மார்க்கும் கண்டுபிடிக்க வேண்டாம். இதுக்குச் சம்மதிக்கேன்.

நோட்டை இட்டுக்கட்டி எழுத மாட்டாங்களான்னு கேப்பீங்க. எழுதுவாங்க. ஆனா நாலு பேர் ஒரே நாள் எண்ணினது நாலு விதமா இருந்தா அங்கயே மாட்டிக்கிடும்.

22 ஜூன்

குத்தகைக்காரர் விவகாரத்தை எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். ஊர் பேர் சொல்லாம எழுதுறேன்.

குளத்து மீன்பாசி (மீன் பிடிக்கிற உரிமை) ஏலம் எடுத்தவங்களுக்குப் பறவைன்னா எரிச்சல். போட்ட குஞ்சைத் தின்னுடுதுன்னு வெடி போடுவாங்க. பிடிக்கிற சமயம் மடையைத் திறந்து தண்ணியை வடிய விடுறதும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை பாத்தா போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் மூணு படி இறங்கிக் கிடக்கு. அறுப்பு முடிஞ்ச நேரம், வயலுக்குத் தண்ணி தேவையே இல்ல. "வேற என்ன" கட்டத்துல ஒரு பையன் எழுதிட்டான்: "ராத்திரி வெடி போட்டார்கள். நாரை எல்லாம் போய்விட்டது. மடையைத் திறந்தது இன்னார்." இன்னார்னா நிஜப் பேர்.

எப்படியோ போய்ச் சேந்துட்டு. திங்கக்கிழமை காலையில ப்ரேயர் முடியுறதுக்குள்ள ஆள் வந்தாச்சு. கத்தல எல்லாம் இல்ல, மரியாதையாத்தான் பேசினாரு, அதுதான் பயமா இருந்துச்சு. "டீச்சரம்மா, பிள்ளைகளுக்குப் பாடம் எடுங்க, போலீஸ் வேலை எதுக்கு? அவங்க அப்பன் என் வயல்லதான் வேலை பாக்கான்." மேலிடத்துல இருந்து போன் வந்து, நோட்டைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைங்கன்னாங்க. நிறுத்தினோம்.

கூந்தன்குளத்துக் கதையைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. 1994ல சரணாலயம், 2022ல ராம்சார் இடம்னு (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்) அறிவிப்பு. ஊருக்குள்ள மரத்துல மஞ்சமூக்கு நாரை கூடு கட்டுனா ஊரே காவல், வெடி போட மாட்டாங்க, எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம். நெசம்தான், போய்ப் பாத்து மலைச்சிருக்கேன். ஆனா அங்க ஊரே முதல்ல முடிவு பண்ணிடுச்சு, பிள்ளைக பாத்து வளந்தாங்க. எங்க ஊர்ல பிள்ளை முதல்ல எழுதிட்டான், ஊர் முடிவு பண்ணல. பெரியவங்க தொடாத சண்டையை ஒரு பதிமூணு வயசுப் பையன் தலையில தூக்கி வைக்கிறது கல்வியா?

23 ஜூன்

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு பேர் "அப்படின்னா நோட்டே வேண்டாம்ங்கிறீங்களா"ன்னு கேட்டிருக்காங்க. இல்ல. திரும்ப ஆரம்பிச்சாச்சு. பேர் எழுதக் கூடாது, என்ன நடந்துச்சுன்னு மட்டும் எழுதணும், நோட்டு பள்ளிக்கூடத்தோடது, எழுதின ஆள் பேர் இருக்காது. இவ்வளவுதான் மாத்தம். "மூணு படி இறங்கியது, அறுவடை முடிந்த வாரம்." படிக்கத் தெரிஞ்சவனுக்கு அதுவே போதும்.

28 ஜூன்

"ஒரே வரியில, அரசு என்ன செய்யணும்?" வள்ளியூர்க்காரர் அவசரப்படுதாரு. ஒரே வரியில வராது. பீரியடு பத்திச் சொல்லியாச்சு, பாதுகாப்பு ஆணை பத்திச் சொல்லியாச்சு. மூணாவதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் பேசுறதில்ல.

அரசு பிள்ளைகள்ட்ட கேக்குறது நெறய. மரம் நடு, பிளாஸ்டிக் தொடாதே, மஞ்சப்பை எடுத்துட்டு வா, உறுதிமொழி சொல்லு. 2019 ஜனவரி 1ல இருந்து பிளாஸ்டிக் தடை, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பை, எல்லாம் நல்லதுதான். (நம்ம பக்கம் கல்யாண வீட்டுல மஞ்சப்பை எப்பம் நின்னுச்சு, மீண்டும் வர? போட்டியில ஜெயிச்ச எங்க பிள்ளைக்குக் குடுத்த ஷீல்டு பாலித்தீன் சுத்தி வந்துச்சு, அதையும் சொல்லிடுறேன்.) ஆனா பிள்ளை அரசைத் திருப்பிக் கேக்க ஒரு வழியும் வைக்கல. பெரியவங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல 30 நாளைக்குள்ள பதில் உண்டு. எங்க பிள்ளைக கேட்ட கேள்வி, அணையில இருந்தும் குளம் ஏன் இறங்குதுன்னு, அதுக்குப் பதில் தெரிஞ்ச ஆள் பி.டபிள்யூ.டி. செக்‌ஷன் ஆபீசுல இருக்காரு (இப்ப நீர்வளத்துறைன்னு பேரு மாத்தியாச்சு, எங்களுக்கு இன்னும் பி.டபிள்யூ.டி.தான்). வருசத்துக்கு ரெண்டு தடவை, காருக்கு முன்னால ஒண்ணு, பிசானத்துக்கு முன்னால ஒண்ணு, அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து அந்த நோட்டைப் பாத்துப் பதில் சொல்லணும்னு ஒரு ஆணை போட்டாப் போதும். அவர் வேலைப் பட்டியல்லயே அது இருக்கணும். தயவு பண்ணி வர்றதா இருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக் கழிவு விவகாரத்தைப் பாருங்க. 2024 டிசம்பர்ல நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கேரளத்துல இருந்து கொண்டாந்து கொட்டிட்டுப் போனாங்க. பேப்பர்ல வந்துச்சு, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுது, அங்க இருந்தே லாரி வந்து திரும்ப அள்ளிட்டுப் போச்சு. புகார் எங்க போச்சு, யார் பதில் சொன்னா, எப்படித் திரும்பிப் போச்சுன்னு பத்தாம் வகுப்புல ஒரு வாரம் பாடமா எடுத்தேன். தீர்ப்பாயம்னா என்னன்னு குடிமையியல் புத்தகம் சொன்னதைவிட நல்லாப் புரிஞ்சுது. கேட்டா நடக்கும்னு ஒரு தடவை கண்ணால பாத்த பிள்ளை டப்பாவை வீச யோசிக்கும்னு நினைக்கேன். நிச்சயமாச் சொல்ல முடியாது.

28 ஜூன், இன்னும் ஒண்ணு

"அப்படின்னா கூடங்குளம் பத்தியும் தூத்துக்குடி பத்தியும் வகுப்புல பேசுவீங்களா?" அரசு ஊழியர் நடத்தை விதின்னு ஒண்ணு இருக்கு அய்யா. பிள்ளைக பேசிக்கிடுதாங்க. நான் கரும்பலகையை அழிச்சுக்கிட்டே கேட்டுக்கிடுதேன்.

6 ஜூலை

2023 வெள்ளம் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தாரு. டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், அந்த மாவட்டம் ஒரு வருசம் முழுக்க வாங்குறதைவிடக் கூட. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு போச்சு. எங்க ஊர்ல கரை உடையல, ஆனா பயந்தோம். அன்னைக்கு எங்க ஊருக்கு எவ்வளவு பெஞ்சுதுன்னு யாருக்கும் தெரியாது, மழைமானி தாலுகா ஆபீசுலதான். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் ஒரு மழைமானி குடுத்தா என்ன? ஒரு புனலும் ஒரு அளவு ஜாடியும்தானே. காலையில எட்டரைக்குப் பாத்து எழுதுற வேலையை ஆறாம் வகுப்பே பாத்துக்கிடும். பசுமைப் படைக்கு வர்ற சில ஆயிரத்துலயே வாங்கிரலாம்னா, அந்தப் பணம் வர்றது மார்ச் கடைசியில, மார்ச் 31க்குள்ள பில் கேப்பாங்க. அந்த அவசரத்துல கிடைக்கிறது பேனரும் டீயும்தான்.

11 ஜூலை

பத்தமடைக்காரம்மா ஒருத்தங்க எழுதியிருக்காங்க: "எங்க பிள்ளைகளுக்குக் குளத்து நோட்டு எதுக்கு, கோரையைக் கேட்டாலே ஆறு தெரியும்." சரிதான். நயம் பாய்க்கு ஓடுற தண்ணியில கோரையை நாள்கணக்குல ஊறப் போடணும். தண்ணி கெட்டா பாய் காட்டிக் குடுத்துரும். எல்லா ஊருக்கும் குளம்னு கட்டாயம் இல்லன்னு எழுதணும், நான் எழுதாம விட்டுட்டது அது. உவரிக்குக் கடல், பத்தமடைக்குக் கோரை, ராமையன்பட்டிக்குக் குப்பைக்கிடங்கு. ஆமா, குப்பைக்கிடங்கும்தான். கோடையில தீப்பிடிச்சுப் புகை வந்தா அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருமல். அவங்க நோட்டுல என்ன கட்டம் இருக்கணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.

26 ஜூலை

ஆடி அமாவாசை முடிஞ்சு சொரிமுத்தையனார் கோவில் பக்கமும் பாபநாசத்துலயும் சுத்தம் பண்ணப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டாங்க. முன்னால நான் உற்சாகமா அனுப்பியிருக்கேன். ஆத்துக்குள்ள விட்ட வேட்டி சேலையை இழுத்து இழுத்துக் கை மரத்துப் போகும், ஈரத்துணி கனம் என்னன்னு அன்னைக்குத்தான் தெரியும். மதியம் பிரியாணிப் பொட்டலம், சான்றிதழ், போட்டோ. அடுத்த அமாவாசைக்கு அதே பிள்ளையோட மாமா அதே படித்துறையில துணி விடுவாரு. துணி விடுறது பரிகாரம்னு நம்புறவரைத் தடுக்கப் பிள்ளையால ஆகாது. அது கோவில், வனத்துறை, கடைக்காரங்க எல்லாம் சேந்து முடிக்க வேண்டிய சோலி. களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கிற இடம் வேற அது.

இந்தத் தடவை அள்ள அனுப்பல. எண்ண அனுப்பினோம், அஞ்சாறு பேரை மட்டும், ரெண்டு வாத்தியாரோட. எந்தப் படித்துறையில எவ்வளவு துணி, துணிப்பெட்டி வச்சிருந்த இடத்துல எவ்வளவு, வைக்காத இடத்துல எவ்வளவு. பெட்டி கண்ணுக்குத் தெரியுற இடத்துல இருந்தாத்தான் போடுதாங்க, திருப்பத்துல இருந்தா போடல. இதைக் கோவில் ஆபீசுல குடுத்திருக்காங்க. வாங்கிக்கிட்டாங்க. பதில் வந்தா எழுதுறேன்.

2 ஆகஸ்ட்

ரெண்டு மூணு பேர் "எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும், எங்க இருந்து தொடங்க"ன்னு கேட்டிருக்கீங்க. சென்னையில ஆணை வர்றது வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவுல ஒரு தீர்மானம் போடுங்க, பெத்தவங்கதான் அதுல மெஜாரிட்டி. அதை வச்சு ஹெச்.எம். தைரியமா அனுமதி குடுப்பாங்க. அடுத்தது கிராம சபை. இப்ப வருசத்துக்கு ஆறு தடவை, மார்ச் 22 தண்ணீர் தினமும் அதுல உண்டு. அன்னைக்குக் குளத்து நோட்டைப் பிள்ளைக வாசிக்கிறதுன்னு ஒரு பொருள் நிரந்தரமா இருக்கட்டும். இன்னார் இன்னார்னு இல்லாம, படி எத்தனை, பறவை எத்தனை, மடை எப்பம் திறந்துச்சு, அவ்வளவுதான். பதில் சொல்ல வேண்டியவங்க அங்கயே உக்காந்திருப்பாங்க.

மார்ச் வரைக்கும் பொறுக்க முடியாதவங்க இந்த ஆகஸ்ட் 15க்கே முயற்சி பண்ணுங்க. மனுவை ஊராட்சிச் செயலர் கையில முன்கூட்டியே குடுத்து, பொருள் பட்டியல்ல ஏத்தியாச்சான்னு பாத்துட்டு வாங்க. கூட்டத்தன்னைக்குக் கொண்டுபோய் நீட்டினா "இதர பொருள்"ல போட்டுட்டு ஜனகணமன பாடிருவாங்க.